மின்னஞ்சலுக்கு வண்ணம் ஒட்டாதபோது: ஸ்கிரிப்ட், வகை, நிறம் ஆகியவற்றுக்கான அறிகுறிவாரிப் பிழை நீக்கம்

அஞ்சல் பட்டியலில் ஒரு வரி சிவப்பாகவும் இன்னொன்று பச்சையாகவும் தெரியும்போது, அந்த நிறம் அஞ்சலுக்குள்ளேயே பதிந்திருப்பதாகத்தான் எவருக்கும் தோன்றும். உண்மையில் அஞ்சலுக்குள் நிறம் என்று எதுவும் இல்லை. ஒரு பெயர் மட்டுமே இருக்கிறது. அவுட்லுக்கில் அது வகையின் பெயர், தண்டர்பேர்டில் குறிச்சொல்லின் உள்விசை, ஜிமெயிலில் லேபிளின் அடையாளம். அந்தப் பெயருக்கு எந்த நிறம் உரியது என்ற குறிப்பு, அஞ்சல்பெட்டியின் வகைப்பட்டியலிலோ, உங்கள் கணினியின் அமைப்புக் கோப்பிலோ, கோப்புறையின் காட்சி அமைப்பிலோ தனியாக உட்கார்ந்திருக்கிறது. அஞ்சல் வரும்போது தானாக ஓடும்படி நாம் எழுதும் சிறு நிரலான ஸ்கிரிப்ட், பெயரை எழுதுகிறது. நிறத்தைத் தீட்டுவது அஞ்சல் செயலியின் வேலை.

ஆகவே 'நிறம் வரவில்லை' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லாமல் இருக்கலாம். ஓடியும் பெயர் ஒட்டாமல் போயிருக்கலாம். பெயர் ஒட்டியும் நிறம் தீட்டப்படாமல் இருக்கலாம். இவற்றுள் எது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்கிரிப்டை மாற்றி மாற்றி எழுதுவதில்தான் பெரும்பாலோரின் மாலைப்பொழுது வீணாகிறது. முதலில் அவுட்லுக்கின் பழைய மேசைக்கணினிப் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்ட் வழி வண்ணமிடுதலில் சிக்கல்கள் மிகுதியாக வருவது அங்கேதான். மற்றச் செயலிகளைப் பின்னர் சுருக்கமாகப் பார்க்கலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை

அஞ்சல் பட்டியலின் காட்சியில் 'கேட்டகரீஸ்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து, நிறம் வராத ஓர் அஞ்சலின் எதிரே அந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயர் இருந்து நிறம் இல்லையென்றால், ஸ்கிரிப்ட் தன் வேலையை முடித்துவிட்டது. கோளாறு வகைப்பட்டியலில் இருக்கிறது. பெயரே இல்லையென்றால் ஸ்கிரிப்டின் பக்கம் பார்க்கவேண்டும்.

அடுத்து, ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்க்கவேண்டும். விதி என்பது, வரும் அஞ்சலுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவுட்லுக்கில் நீங்கள் அமைக்கும் கட்டளை. அதிலிருந்து அழைக்கப்படும் செயல்முறை ஓர் அஞ்சலை அளவுருவாக, அதாவது உள்ளீடாக, ஏற்பதால், அதை மேக்ரோ (அவுட்லுக்குக்குள் எழுதப்படும் நிரல்) பட்டியலிலிருந்து நேரடியாக இயக்க முடியாது. அந்தப் பட்டியலில் அதன் பெயர்கூடத் தோன்றாது. அளவுரு இல்லாத சிறிய செயல்முறை ஒன்றை எழுதி, திரையில் தேர்ந்தெடுத்திருக்கும் அஞ்சலை எடுத்து உண்மையான செயல்முறைக்கு அனுப்பும்படி செய்தால் போதும். மூன்றே வரிகள் கொண்ட இந்தத் துணைச் செயல்முறை என்னுடைய ஒவ்வொரு தொகுப்பிலும் நிரந்தரமாக இருக்கிறது. கையால் ஓட்டும்போது நிறம் வந்து, புதிய அஞ்சலுக்கு மட்டும் வரவில்லையென்றால், ஸ்கிரிப்ட் சரியாக இருக்கிறது, அதை அழைக்கும் வழியில்தான் பழுது என்று உறுதியாகிவிடும்.

சோதனைக் காலத்தில் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற கட்டளை ஸ்கிரிப்டில் எங்கே இருந்தாலும் அதை நீக்கிவிடுங்கள். பிழையை விழுங்கிவிட்டு மேலே செல்லும் அந்தக் கட்டளை இருக்கும்வரை, கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி உங்கள் கண்ணில் படவே படாது.

அறிகுறி: விதி அமைக்கும் இடத்தில் 'ரன் எ ஸ்கிரிப்ட்' என்ற தெரிவே இல்லை

இது உங்கள் பிழையன்று. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குப் பிறகு, விதியிலிருந்து ஸ்கிரிப்டை இயக்கும் தெரிவும், விதியிலிருந்து வேறொரு செயலியைத் தொடங்கும் தெரிவும் அவுட்லுக்கில் முன்னிருப்பாக முடக்கப்பட்டுவிட்டன. ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடியவர், தொலைவிலிருந்தே அவருடைய அஞ்சல்பெட்டியில் ஒரு விதியை நட்டு, அவர் கணினியில் தீய நிரலை ஓட்டிவிட முடியும் என்பதே அதற்குக் காரணம்.

மீண்டும் கொண்டுவர, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) நடப்புப் பயனருக்குரிய கிளையில், 'சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபிஸ், 16.0, அவுட்லுக், செக்யூரிட்டி' என்ற பாதையில், 'எனேபிள் அன்சேஃப் கிளையன்ட் மெயில் ரூல்ஸ்' என்னும் பெயரில், சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல், 'டிவேர்ட்' (DWORD) வகை மதிப்பு ஒன்றை உருவாக்கி அதற்கு 1 என்று கொடுக்கவேண்டும். பாதையில் உள்ள எண் 2016, 2019 பதிப்புகளுக்கும் சந்தாப் பதிப்புக்கும் 16.0, 2013க்கு 15.0, 2010க்கு 14.0. பின்னர் அவுட்லுக்கை முழுவதுமாக மூடித் திறக்கவேண்டும். அலுவலகக் கணினியில் இதைச் செய்வதற்கு முன் கணினி நிர்வாகியைக் கேட்டுக்கொள்ளுங்கள்; மதிப்பின் பெயரிலேயே 'பாதுகாப்பற்றது' என்ற சொல் இருப்பது தற்செயலன்று.

என்னைக் கேட்டால், பதிவேட்டைத் தொடாமலே இருப்பது நல்லது. புதிய அஞ்சல் வந்ததும் எழும் நிகழ்வைக் கவனிக்கும் மேக்ரோவை 'திஸ் அவுட்லுக் செஷன்' என்ற தொகுதியில் எழுதினால், விதியின் துணை இல்லாமலே அதே வேலை நடந்துவிடும். மூடியிருக்கும் பாதுகாப்புக் கதவையும் திறக்கவேண்டியதில்லை.

அறிகுறி: தெரிவு இருக்கிறது, ஆனால் நான் எழுதிய செயல்முறை அங்கே பட்டியலிடப்படவில்லை

விதிக்கு ஏற்ற செயல்முறை பொதுச் செயல்முறையாக இருக்கவேண்டும். ஒரே ஓர் அளவுருவைத்தான் ஏற்கவேண்டும். அந்த அளவுருவின் வகை 'மெயில் ஐட்டம்' என்று அறிவிக்கப்பட்டிருக்கவேண்டும். 'பிரைவேட்' என்ற சொல் முன்னால் இருந்தாலோ, அளவுரு விடுபட்டிருந்தாலோ, மதிப்பைத் திருப்பித் தரும் 'ஃபங்ஷன்' ஆக எழுதியிருந்தாலோ பட்டியலில் வராது.

அறிகுறி: நேற்று ஓடியது, அவுட்லுக்கை மூடித் திறந்ததும் நின்றுவிட்டது

மேக்ரோ பாதுகாப்பு அமைப்பின் முன்னிருப்பு நிலையில், மின்கையொப்பம் இடப்பட்ட மேக்ரோக்களுக்கு மட்டும் அனுமதி கேட்கப்படும். மற்றவை சத்தமில்லாமல் முடக்கப்படும். 'எல்லா மேக்ரோக்களையும் அனுமதி' என்று மாற்றிவிடும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். அது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாவியைத் தேடுவதற்கு ஒப்பானது. ஆஃபிஸ் நிறுவப்பட்ட கோப்புறையில் 'செல்ஃப்செர்ட்' என்ற சிறிய கருவி இருக்கிறது. அதைக் கொண்டு உங்களுக்கென்று ஒரு சான்றிதழை உருவாக்கி, நிரல் திருத்தியின் கருவிகள் பட்டியில் உள்ள 'டிஜிட்டல் சிக்னேச்சர்' வழியாகத் தொகுப்புக்குக் கையொப்பம் இடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அவுட்லுக் கேட்கும் கேள்விக்கு அந்தச் சான்றிதழை நம்புவதாக விடையளித்தால் போதும். அந்தச் சான்றிதழ் உங்கள் கணினியில் மட்டுமே செல்லும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

கையொப்பம் சரியாக இருந்தும் நின்றுபோகிறதென்றால், நிகழ்வைக் கவனிக்கும் மாறியைப் பாருங்கள். இன்பாக்ஸின் அஞ்சல் தொகுதியைக் கவனிப்பதற்கு 'வித் ஈவென்ட்ஸ்' என்ற சொல்லுடன் அறிவிக்கப்படும் மாறி, செயல்முறைக்குள் அன்றி, 'திஸ் அவுட்லுக் செஷன்' தொகுதியின் தலைப்பகுதியில் அறிவிக்கப்பட்டிருக்கவேண்டும். அவுட்லுக் தொடங்கும்போது ஓடும் செயல்முறையில் அதற்கு மதிப்புக் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். எழுதி முடித்த உடனே சோதித்துப் பார்த்தால் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், அந்தத் தொடக்கச் செயல்முறை இன்னும் ஓடவில்லை என்பதுதான். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. காலையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் நண்பகலில் ஒரு பிழைச்செய்தி காட்டியிருக்கும். நீங்கள் 'எண்ட்' என்ற பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அந்த நொடியில் எல்லா மாறிகளும் வெறுமையாகிவிடும். கவனிப்பும் அத்துடன் நின்றுவிடும். தொடக்கச் செயல்முறையைக் கையால் மறுபடி ஓட்டும்வரையோ, அவுட்லுக்கை மூடித் திறக்கும்வரையோ எந்த அஞ்சலுக்கும் நிறம் வராது.

அறிகுறி: சில அஞ்சல்களுக்கு நிறம் வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை

முழுமையாக நின்றுபோன ஸ்கிரிப்டைத் திருத்துவது எளிது. பாதி வேலை செய்யும் ஸ்கிரிப்ட்தான் ஆளை அலைக்கழிக்கும். நிறம் வராத அஞ்சல்களுக்கு இடையே உள்ள ஒற்றுமையைத் தேடுவதே இங்கே வழி. ஐந்தாறு அஞ்சல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பின்வரும் காரணங்களில் ஒன்று தென்படும்.

வெளியிலிருந்து வருபவற்றுக்கு நிறம் வந்து, ஒரே அலுவலகத்துச் சக பணியாளர்கள் அனுப்புபவற்றுக்கு வராமல் இருந்தால், அனுப்புநர் முகவரியை ஸ்கிரிப்ட் எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் அலுவலக அஞ்சல் வழங்கியான எக்ஸ்சேஞ்சில் ஒரே நிறுவனத்துக்குள் பரிமாறப்படும் அஞ்சல்களில் 'சென்டர் ஈமெயில் அட்ரஸ்' என்ற பண்பு நமக்குப் பழக்கமான முகவரியைத் தருவதில்லை; சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட, நீண்ட, அடைவுப் பெயர் ஒன்றைத் தருகிறது. அதை வழக்கமான முகவரியோடு ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. அனுப்புநர் முகவரியின் வகை 'இஎக்ஸ்' என்று இருக்கிறதா என்று முதலில் சோதித்து, அப்படியானால் அனுப்புநரின் எக்ஸ்சேஞ்ச் பயனர் பொருளை எடுத்து, அதன் முதன்மை எஸ்எம்டிபி முகவரியை, அதாவது நமக்குப் பழக்கமான மின்னஞ்சல் முகவரியை, படித்து ஒப்பிடவேண்டும். அந்தப் பொருள் வெறுமையாகத் திரும்பும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதால், அதையும் சோதித்துவிட்டுத்தான் பண்பைப் படிக்கவேண்டும்.

காலையில் அவுட்லுக்கைத் திறந்தவுடன் ஒரே மூச்சில் வந்திறங்கும் அஞ்சல்களுக்கு மட்டும் நிறம் இல்லையென்றால், அது ஸ்கிரிப்டின் தவறன்று. கோப்புறையில் அஞ்சல் சேர்வதைத் தெரிவிக்கும் 'ஐட்டம் ஆட்' நிகழ்வு, ஒரே நேரத்தில் பெருந்தொகையாக அஞ்சல்கள் சேரும்போது எழுவதில்லை. மைக்ரோசாஃப்டின் ஆவணமே இதை ஒப்புக்கொள்கிறது. தொடக்கச் செயல்முறையின் முடிவில், கடந்த இரண்டு மூன்று நாட்களில் வந்தவற்றுள் வகை இல்லாத அஞ்சல்களை எடுத்து ஒவ்வொன்றாகச் செயல்முறைக்கு அனுப்பும் 'கூட்டிப் பெருக்கும்' வேலையையும் சேர்த்துவிடுவதே தீர்வு. அப்போது இரண்டு இடங்களில் கால் இடறலாம். தேதியைக் கொண்டு வடிகட்டும்போது, கணினியின் வட்டார அமைப்புக்கு ஏற்ற வடிவில், வினாடி இல்லாமல் தேதியைக் கொடுக்கவேண்டும். வகை இல்லாதவை என்று வடிகட்டிய தொகுதியில் வகையைச் சேர்க்கச் சேர்க்க அந்த அஞ்சல் தொகுதியிலிருந்து வெளியேறிவிடும் என்பதால், கடைசி எண்ணிலிருந்து முதலாவதை நோக்கிப் பின்னாகச் செல்லவேண்டும். முன்னாகச் சென்றால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும்.

கூட்ட அழைப்பும், 'அஞ்சல் சென்று சேரவில்லை' என்ற அறிக்கையும் இன்பாக்ஸில்தான் வந்து விழுகின்றன. ஆனால் அவை அஞ்சல் வகைப் பொருள்கள் அல்ல. அவற்றை அஞ்சல் மாறிக்குள் திணிக்க முயன்றால் வகைப் பொருத்தமின்மை என்று 13ஆம் எண் பிழை எழும். அத்துடன், மேலே சொன்னபடி, கவனிப்பே நின்றுவிடும். வரும் பொருளை முதலில் பொது வகை மாறியில் வாங்கி, அது அஞ்சல்தானா என்று சோதித்த பிறகே மேலே செல்லவேண்டும்.

விதிகளைப் பயன்படுத்துவோர், மேலே உள்ள விதி ஏதாவதொன்றில் 'மேற்கொண்டு விதிகளைச் செயல்படுத்தாதே' என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால், அந்த விதிக்கு உட்பட்ட அஞ்சல் உங்கள் ஸ்கிரிப்டை எட்டாது. ஓர் அஞ்சலை வேறு கோப்புறைக்கு நகர்த்தும் விதியும், அதே அஞ்சலுக்கு வண்ணமிடும் நிகழ்வுச் செயல்முறையும் ஒன்றோடொன்று முந்திக்கொள்ளும்போதும் இதே விளைவு ஏற்படும்: செயல்முறை தேடிப் போவதற்குள் அஞ்சல் இடம் மாறியிருக்கும். நகர்த்துவதையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே, வகையைச் சேமித்த பிறகு செய்வதுதான் நம்பகமானது. மேலும், ஸ்கிரிப்டை இயக்கும் விதி உங்கள் கணினியில் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். மூடியிருக்கும்போது கைபேசியில் பார்த்துவிட்டு நிறம் இல்லை என்று வியப்பதில் பொருளில்லை.

அறிகுறி: ஸ்கிரிப்ட் பிழையின்றி முடிகிறது, அஞ்சலில் வகை இல்லை

பத்துக்கு எட்டு பேர் 'சேவ்' என்ற கட்டளையை மறந்திருப்பார்கள் என்று துணிந்து சொல்வேன். வகைப் பண்புக்கு மதிப்புக் கொடுத்தபின் அஞ்சலைச் சேமிக்காவிட்டால், அந்த மாற்றம் நினைவகத்தோடு மறைந்துவிடும்.

சேமித்தும் வகை காணாமல் போனால், விதிகளின் பட்டியலில் அஞ்சல்களின் வகைகளை நீக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்லுக் தானாகவே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற குறிப்போடு அப்படி ஒரு விதியைச் சேர்த்து வைப்பதுண்டு. அனுப்புநர் தம் பெட்டியில் இட்ட வகைப் பெயர்கள் அஞ்சலோடு சேர்ந்து வந்து உங்கள் பட்டியலைக் குழப்பாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அது தேவையானதுதான், அதை நீக்கவேண்டியதில்லை. உங்கள் விதிக்கு மேலே அது இருக்கும்படி வரிசையை மாற்றினால் போதும்.

கணக்கு ஐமேப் (வழங்கியில் உள்ள அஞ்சலை எந்தச் செயலியிலும் படிக்க உதவும் பொது நெறிமுறை) வகையைச் சேர்ந்ததானால் நிலைமை வேறு. அவுட்லுக்கின் வண்ண வகைகள் எக்ஸ்சேஞ்ச் போன்ற அஞ்சல்பெட்டிகளை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. ஐமேப் கணக்குகளுக்கு அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் முறையாகத் தருவதில்லை. ஸ்கிரிப்ட் மூலம் பெயரை எழுதிவிட்டாலும் அது வழங்கிக்குச் செல்லாது. இங்கே வகைகளை விட்டுவிட்டு, கீழே சொல்லப்படும் காட்சி அமைப்பு வழி வண்ணமிடுதலுக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: புது வகை சேர்கிறது, ஏற்கெனவே இருந்த வகை அழிந்துவிடுகிறது

வகைப் பண்பு என்பது ஒரே சரம். பல வகைகள் இருந்தால் அவை பிரிப்புக்குறியால் பிரித்து எழுதப்பட்டிருக்கும். அதற்குப் புது மதிப்பைக் கொடுத்தால் பழையது முழுவதும் போய்விடும். பழைய சரத்தைப் படித்து, பிரிப்புக்குறியையும் புதுப் பெயரையும் அதன் பின்னே ஒட்டி எழுதவேண்டும். பிரிப்புக்குறி எப்போதும் காற்புள்ளியாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. விண்டோஸின் வட்டார அமைப்பில் பட்டியல் பிரிப்புக்குறியாக எது குறிக்கப்பட்டிருக்கிறதோ அதையே அவுட்லுக் பயன்படுத்துகிறது. சில வட்டாரங்களில் அது அரைப்புள்ளி. வேறு கணினியில் எழுதிய ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து ஓட்டியதும், இரண்டு வகைகளின் பெயரும் சேர்ந்து ஒரே நீண்ட, நிறமற்ற வகையாகத் தோன்றினால், காரணம் இதுதான்.

ஒரு வகை ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதிக்கும்போது, சரத்துக்குள் சரத்தைத் தேடும் குறுக்குவழி வேண்டாம். 'கணக்கு' என்ற வகையைத் தேடினால் 'கணக்கு முடிந்தது' என்ற வகைக்குள்ளும் அது அகப்பட்டு, இருப்பதாக விடை வந்துவிடும். பிரிப்புக்குறியை வைத்து உடைத்து, இரு பக்க இடைவெளிகளையும் வெட்டி, ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே சரி.

அறிகுறி: தமிழில் பெயரிட்ட வகை கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது

இந்தச் சிக்கலைப் பிறமொழி வழிகாட்டிகளில் காண்பது அரிது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அவுட்லுக் தன் வகைப் பெயர்களை யூனிகோடில் வைத்திருக்கிறது. ஆகவே வகைப்பட்டியலில் கையால் தட்டச்சு செய்தால் தமிழ் பிசகின்றி வரும். ஆனால் மேக்ரோ எழுதும் நிரல் திருத்தி மிகப் பழையது. அது விண்டோஸின் பழைய குறிப்பக்கங்களை, அதாவது ஒவ்வொரு மொழிக்கும் எழுத்துகளை எண்களாக்கும் பட்டியல்களை, நம்பியிருக்கிறது; தமிழுக்கு அப்படியொரு குறிப்பக்கம் ஒதுக்கப்படவே இல்லை. அதனால் திருத்தியில் 'அவசரம்' என்று ஒட்டினால் ஆறு கேள்விக்குறிகள்தான் பதியும். ஸ்கிரிப்டும் அந்த ஆறு கேள்விக்குறிகளையே வகைப் பெயராக அஞ்சலில் எழுதிவிடும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வோர் எழுத்தின் யூனிகோடு எண்ணையும் 'சிஎச்ஆர்டபிள்யூ' என்ற சார்பிடம் கொடுத்துச் சொல்லை உருவாக்குவது முதல் வழி. 'அவசரம்' என்பதற்கு 2949, 2997, 2970, 2992, 2990, 3021 என்ற ஆறு எண்கள் வேண்டும். கடைசி எண் புள்ளிக்குரியது. சொல் நீளும்போது இது அலுப்பூட்டும் வேலை. இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: தமிழ்ப் பெயர்களை வகைப்பட்டியலில் கையால் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் வகைப்பட்டியலைச் சுற்றிவந்து, வேண்டிய நிற எண்ணைக் கொண்ட வகையைக் கண்டுபிடித்து, அதன் பெயரை அப்படியே எடுத்து அஞ்சலில் எழுதட்டும். நிற எண்கள் 1 முதல் 25 வரை. சிவப்பு 1, நிறமின்மை 0. பெயர் திருத்தியின் வழியாகப் போகாமல் நினைவகத்திலிருந்து நேராகச் செல்வதால் சிதைவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறியான 3018 என்ற ஒரே எண்ணைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்கிரிப்டின் இயல்பான சர ஒப்பீட்டுக்கு இரண்டும் வேறு. 'கொள்முதல்' என்ற வகை இரண்டு முறை, ஒன்று நிறத்தோடும் ஒன்று நிறமின்றியும் தென்பட்டால், வெவ்வேறு விசைப்பலகை மென்பொருள்களால் அந்தச் சொல் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அறிகுறி: வகையின் பெயர் இருக்கிறது, நிறம் இல்லை

அந்தப் பெயர் அஞ்சல்பெட்டியின் முதன்மை வகைப்பட்டியலில் இல்லை என்பதே பொருள். ஸ்கிரிப்ட் எந்தப் பெயரை வேண்டுமானாலும் அஞ்சலில் எழுதிவிடலாம். பட்டியலில் இல்லாத பெயருக்கு நிறம் எங்கிருந்து வரும்? பட்டியலிலிருந்து ஒரு வகையை நீக்கினாலும், அதைத் தாங்கிய பழைய அஞ்சல்கள் பெயரை விடாமல் நிறத்தை மட்டும் இழந்து நிற்கும். வண்ண வகைகள் உரையாடல் பெட்டியில் அந்தப் பெயரின் எதிரே அது முதன்மைப் பட்டியலில் இல்லை என்ற குறிப்பே இருக்கும். அங்கேயே அதைச் சேர்த்து நிறம் கொடுத்துவிடலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட அஞ்சல்பெட்டிகள் வைத்திருப்போர் இங்கேதான் ஏமாறுவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வகைப்பட்டியல் உண்டு. ஸ்கிரிப்டில் பெயர்வெளியின் ('நேம்ஸ்பேஸ்' பொருளின்) வகைத் தொகுதியைப் பயன்படுத்திப் புது வகையை உருவாக்கினால், அது முன்னிருப்புப் பெட்டியின் பட்டியலில் மட்டுமே சேரும். பகிரப்பட்ட பெட்டியில் உள்ள அஞ்சலுக்கு நிறம் வராது. அந்த அஞ்சல் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ, அந்தக் கோப்புறையின் 'ஸ்டோர்' பொருளில் உள்ள வகைத் தொகுதியைப் பயன்படுத்தவேண்டும். இவ்வசதி 2010 பதிப்பிலிருந்து இருக்கிறது.

அறிகுறி: சிறு கட்டம் மட்டும் நிறமாகிறது, முழு வரியும் நிறமாவதில்லை

இது கோளாறே அன்று. வகை என்பது கட்டத்துக்கு மட்டுமே நிறம் தரும். வரியின் எழுத்துகள் நிறம் மாறவேண்டுமானால், காட்சி அமைப்புகளில் உள்ள 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' பகுதிக்குச் சென்று புதிய விதி ஒன்றைச் சேர்த்து, நிபந்தனை உரையாடலின் 'மோர் சாய்ஸஸ்' என்ற பக்கத்தில் வகையைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவின் நிறத்தை மாற்றவேண்டும். மாறுவது எழுத்தின் நிறம்தான். பின்னணியை நிறமாக்க அங்கே வழியில்லை. இந்த அமைப்பு கோப்புறையின் காட்சியோடு ஒட்டியது என்பதால், இன்பாக்ஸில் செய்தது துணைக்கோப்புறைகளில் தெரியாது. நடப்புக் காட்சியை மற்றக் கோப்புறைகளுக்கும் பொருத்தும் கட்டளையைக் கொடுக்கவேண்டும். இரண்டு விதிகள் மோதுவதாக ஐயம் எழுந்தால், படிக்காத அஞ்சல்களுக்கான முன்னிருப்பு விதி உட்பட ஒவ்வொன்றாகக் குறியை எடுத்துப் பாருங்கள்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். 'இன்னாரிடமிருந்து வந்தால் சிவப்பு' என்பது மட்டுமே உங்கள் தேவையானால், ஸ்கிரிப்டும் வேண்டாம், வகையும் வேண்டாம். இந்தக் காட்சி அமைப்பே போதும். பழைய அஞ்சல்களுக்கும் உடனே நிறம் வந்துவிடும், அஞ்சலில் எதுவும் எழுதப்படுவதுமில்லை.

அறிகுறி: புதிய அவுட்லுக்குக்கு மாறியதும் எல்லாம் நின்றுவிட்டது

விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் மேக்ரோ இல்லை. அதைத் திருத்தி மீட்கும் வழியும் இல்லை. வகை ஒதுக்கும் விதியை அங்கேயே அமைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நுட்பமான தீர்மானம் தேவைப்பட்டால், வலைத் துணைநிரலோ, அஞ்சல்பெட்டியை வெளியிலிருந்து நிரல் வழியாக அணுக மைக்ரோசாஃப்ட் தரும் கிராஃப் இடைமுகமோதான் வழி. கிராஃப் இடைமுகத்தில் நிறங்களுக்குப் பெயர் கிடையாது. 'பிரீசெட்' என்ற சொல்லோடு 0 முதல் 24 வரை எண் சேர்த்துக் குறிக்கப்படும். மேக்ரோவின் எண்கள் 1இல் தொடங்குவதால், பழைய ஸ்கிரிப்டை மாற்றி எழுதும்போது நிறங்கள் ஒரு படி தள்ளிப்போவது வழக்கமான தவறு. உருவாக்கிய வகையின் நிறத்தைப் பின்னர் மாற்றலாம். பெயரை மாற்ற முடியாது. அஞ்சலின் வகைகள் இங்கே பெயர்களின் அணியாக இருக்கும். புதுப்பிக்கும்போது முழு அணியையும் அனுப்பவேண்டும், இல்லையேல் பழையவை அழிந்துவிடும்.

தண்டர்பேர்டில்: ஒரு கணினியில் நீலம், இன்னொன்றில் வேறு நிறம்

வழங்கியில் சேமிக்கப்படுவது குறிச்சொல்லின் உள்விசை மட்டுமே. நிறமும் காட்டப்படும் பெயரும் அந்தந்தக் கணினியின் அமைப்பில் இருக்கின்றன. முன்னிருப்பாக வரும் ஐந்து குறிச்சொற்களுக்கும் உள்விசைகள் எங்கும் ஒன்றே என்பதால் அவை சிக்கல் தருவதில்லை. நீங்களாக உருவாக்கியவற்றுக்கு, உருவாக்கும்போது இட்ட பெயரிலிருந்து உள்விசை பிறக்கிறது. பின்னர் பெயரை மாற்றினாலும் உள்விசை மாறாது. எனவே இரண்டாவது கணினியில் அந்தக் குறிச்சொல்லை முதலில் இட்ட பழைய பெயரிலேயே உருவாக்கி, அதன் பிறகு பெயரை மாற்றவேண்டும்.

கோப்புறையைப் பழுதுபார்த்தவுடன் எல்லா நிறங்களும் மறைந்துவிட்டால், உங்கள் வழங்கி புதிய குறிகளை ஏற்காத வகையைச் சேர்ந்தது. குறிச்சொற்கள் கணினியின் சுட்டுக்கோப்பில் மட்டுமே இருந்திருக்கின்றன, பழுதுபார்ப்பு அந்தக் கோப்பை அழித்துப் புதிதாக எழுதிவிட்டது. அவற்றை மீட்க முடியாது; வடிகட்டிகளை அந்தக் கோப்புறையின்மீது மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.

ஜிமெயிலில்: லேபிள் ஒட்டுகிறது, நிறம் சாம்பலாகவே இருக்கிறது

கூகுளின் ஸ்கிரிப்ட் தளமான ஆப்ஸ் ஸ்கிரிப்டின் இயல்பான ஜிமெயில் சேவை லேபிளை உருவாக்கும். அதற்கு நிறம் கொடுக்கும் வழி அதில் இல்லை. மிக எளிய தீர்வு, லேபிளை ஒருமுறை கையால் உருவாக்கி நிறம் கொடுத்துவிட்டு, ஸ்கிரிப்ட் அதை ஒட்டமட்டும் செய்யும்படி விடுவதுதான். நிறத்தையும் ஸ்கிரிப்டே தரவேண்டுமானால், மேம்பட்ட ஜிமெயில் சேவையை இயக்கி, பின்னணி நிறம், எழுத்து நிறம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அதிலும் ஜிமெயில் வரையறுத்துள்ள நிறத் தொகுப்பில் உள்ள குறியீடுகள் மட்டுமே செல்லும். உங்களுக்குப் பிடித்த வேறொரு நிறத்தின் குறியீட்டைக் கொடுத்தால் பிழைதான் திரும்பும்.

ஒரே ஓர் அஞ்சலுக்கு ஒட்ட நினைத்த லேபிள் உரையாடல் முழுவதற்கும் ஒட்டிக்கொள்வது, இயல்பான சேவை உரையாடல் அளவில் மட்டுமே லேபிளை ஒட்டும் என்பதால். தனி அஞ்சலுக்கு ஒட்டவும் மேம்பட்ட சேவையே வேண்டும். ஆனால் உரையாடல் காட்சி இயங்கும்வரை பட்டியலில் எப்படியும் முழு உரையாடலின்மீதே லேபிள் தெரியும் என்பதால், அந்த உழைப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நிறம் தாமதமாக வருகிறதென்றால், புதிய அஞ்சல் வந்ததும் ஸ்கிரிப்டைத் தூண்டும் ஏற்பாடு ஆப்ஸ் ஸ்கிரிப்டில் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். நேர அடிப்படையிலான தூண்டல்தான் உண்டு, அதன் மிகக் குறைந்த இடைவெளி ஒரு நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை முழு இன்பாக்ஸையும் துழாவும் ஸ்கிரிப்ட், நாளின் நடுவில் ஒதுக்கீட்டைத் தீர்த்துவிட்டு நின்றுவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஆறு நிமிட வரம்பும் உண்டு. தேடலை அண்மைய ஒரு நாளுக்கும், அந்த லேபிள் இன்னும் ஒட்டப்படாத அஞ்சல்களுக்கும் சுருக்கி, இடைவெளியை ஐந்தோ பத்தோ நிமிடமாக்கினால் இந்த வரம்புகள் பெரும்பாலும் குறுக்கே வருவதில்லை.